கோணல் பல்லுக்குக் கிடைக்காத கம்பி

லண்டனில் தேசிய சுகாதார சேவையின் ஒப்பந்தத்தில் இயங்கும் பல் சீரமைப்பு நிலையம் ஒன்றில் மருத்துவருக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். பதினெட்டு வயதுக்குள் என்றால் பல்லுக்குக் கம்பி போடக் காசு கட்ட வேண்டாம் என்று யாரோ சொல்லிக் கேட்டு வருகிறார்கள். அது உண்மைதான். ஆனால் வயது மட்டும் போதாது. வாய்க்குள் அளவெடுத்து, சிகிச்சை எவ்வளவு தேவை என்று தரம் போடுவார்கள். பிள்ளை அதில் தேறினால்தான் அரசு பணம் தரும்.

தரம் 1 முதல் 5 வரை. 2006 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. 4, 5 என்றால் கம்பி உண்டு. 1, 2 என்றால் இல்லை. நடுவில் நிற்கும் 3க்குத்தான் இழுபறி. பத்துப் புகைப்படங்கள் உள்ள அட்டையோடு பிள்ளையின் பல்வரிசையை ஒப்பிடுவார்கள். முதல் படத்தில் பல் சீராக இருக்கும், பத்தாவதில் மிகவும் கோணலாக. பிள்ளையின் பல் ஆறாவது படத்தையோ அதைவிட மோசமானதையோ ஒத்திருக்க வேண்டும்.

ஒரு தாய் தன் இரண்டு மகள்களையும் ஒரே நாளில் அழைத்து வந்தார். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. மேல் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். பற்கள் எவ்வளவு இடம் விலகியிருக்கின்றன என்று மருத்துவர் சிறிய பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்து, “மூன்று மில்லிமீட்டர்” என்றார். நான் பதிந்தேன். நான்கைத் தாண்டியிருந்தால் 4ஆம் தரம். அட்டையில் அவளுக்கு ஐந்தாவது படம். கிடைக்கவில்லை.

இளையவளுக்குப் பன்னிரண்டு. பார்வைக்கு வரிசை ஒழுங்காகவே இருந்தது. மேலே இடப்பக்கக் கோரைப்பல் மட்டும் இன்னும் பால்பல், ஆடக்கூட இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால், முளைக்க வேண்டிய பல் மேலண்ணத்துக்குள் சாய்ந்து, பக்கத்து முன்பல்லின் வேரை நோக்கிப் படுத்திருந்தது. அப்படியே விட்டால் அந்த வேரைக் கரைத்துவிடக்கூடும். அவளுக்கு 5.

“தங்கச்சி, மாறிப் பதிந்துவிட்டீர்களா? மூத்தவளுக்குத்தானே பல் கோணல்?” என்றார் தாய்.

“இல்லை அக்கா. சின்னவளின் பல் உள்ளுக்குள்தான் பழுது” என்று எக்ஸ்ரேயைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. மூத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையவளைப் பொறுத்தவரை இந்த விதி மிகச் சரியானது. பொதுப் பணம் முதலில் இழப்பைத் தடுக்கத்தான் போக வேண்டும். மூத்தவளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அட்டை அழகைக் கணக்கில் எடுக்கத்தான் வந்தது. ஆனால் படத்தோடு படத்தை ஒப்பிடுகிறதே தவிர, வாயைப் பொத்தும் கையை அது பார்ப்பதில்லை. தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கான பவுண் ஆகும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வேலை பார்க்கும் தாயிடம் அதை எப்படிச் சொல்வது? 3ஆம் தரத்தில் நிற்கும் பிள்ளையிடம் அவளுடைய மனநிலையையும் முறைப்படி கேட்டுப் பதிய வேண்டும், அதற்கும் ஒரு மதிப்பு தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கவலையும் உண்டு. சொத்தைப் பல்லோடு வரும் பிள்ளைக்கு, தரம் 5 ஆனாலும், அதைச் சரிசெய்யும்வரை கம்பி போட மாட்டார்கள். கம்பியைக் கழற்றிய பிறகு, பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கத் தரும் ரிட்டெய்னரைத் தொலைத்தால், சிறுவர்களுக்கும் கட்டணம் உண்டு: சுகாதார சேவையின் பல் சிகிச்சைக் கட்டணங்களில் மிக உயர்ந்ததான மூன்றாம் நிலைக் கட்டணத்தில் 30 சதவீதம். இதைக் கேட்டதும் பல பெற்றோரின் முகம் மாறிவிடும்.

நான் அதிகம் வருந்துவது தாமதமாக வரும் பிள்ளைகளுக்காக. “பெரியவளாகட்டும், பார்க்கலாம்” என்று நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். கோரைப்பல் சரியான வழியில் இறங்குகிறதா என்பதைப் பத்து வயதளவில் சாதாரணப் பல் மருத்துவரே ஈறைத் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். தக்க நேரத்தில் பால்பல்லைப் பிடுங்கினால், உள்ளே இருக்கும் பல் பல சமயம் தானாகவே வழிக்கு வரும். கம்பியே தேவைப்படாமலும் போகலாம். காத்திருப்போர் பட்டியல் சில இடங்களில் மிக நீளம் என்பதால், பதினாறு பதினேழில் வருபவர்களுக்கு வயது வரம்பும் நெருக்கும். அதனால் வரவேற்பறையில் தம்பி தங்கைகளைக் கண்டால், பெற்றோர் கேட்காவிட்டாலும் நானே கேட்டுவிடுகிறேன்: “இவருக்கு என்ன வயது? பல் மருத்துவரிடம் கடைசியாக எப்போது காட்டினீர்கள்?”