சுத்தியல் சொல்லாத சேதி

கடலோரப் பாறைகளை அளக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், கெட்டிப் பாறை நிற்கும், மென்பாறை கரையும், அவ்வளவுதான் விஷயம் என்றிருந்தேன். பாறையின் கெட்டித்தன்மையைப் பார்க்கும் ஸ்மிட் சுத்தியலைப் பாறையில் வைத்து அழுத்தி, அது எவ்வளவு எகிறுகிறது என்று குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் அறிக்கையில், கடலுக்குள் நீட்டிய அடுத்தடுத்த இரண்டு பாறை முனைகள். இரண்டும் ஒரே மணற்கல், சுத்தியல் தந்த எண்களும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டேன். அடுத்த மழையில் ஒன்று மட்டும் சரிந்தது. கீழே யாரும் இல்லாதது அதிர்ஷ்டம்.

மூத்தவர் ஒருவர் என்னை மறுபடி அங்கே கூட்டிப்போனார். "சுத்தியலைப் பையில வைப்பா. அடுக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு" என்றார். சரிந்த முனையில் அடுக்குகள் கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அலை அடியை அரித்ததும் மேலே இருப்பதைத் தாங்க ஒன்றுமில்லை. இடையில் இருந்த மெல்லிய களிமண் மழையில் ஊறி வழுக்கிவிட்டது. பக்கத்து முனையில் சாய்வு நிலத்தை நோக்கி. அதே அலைதான், ஆனால் பாறை பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் விரிசல்களையும் எண்ணத் தொடங்கினேன். அலை விரிசலுக்குள் காற்றை அமுக்குகிறது, பின்வாங்கும்போது அந்தக் காற்று சட்டென்று விரிகிறது. குகை, வளைவு, கடைசியில் தனித்தூண் எல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு விரிசலில் தொடங்குபவைதான். மால்டாவில் 2017 மார்ச்சில் புயலில் விழுந்த சுண்ணாம்புக்கல் வளைவின் படங்களைப் பார்த்தபோது, நான் முதலில் தேடியது அதன் விரிசல்களைத்தான்.

புதியவர்களுக்கு இங்கிலாந்தின் டார்செட் வரைபடத்தைக் காட்டுவேன். லல்வொர்த்தில் அடுக்குகள் கரைக்கு இணையாக ஓடுகின்றன: கடற்பக்கம் கெட்டிச் சுண்ணாம்புக்கல், நடுவில் களிமண்ணும் மணலும், பின்னால் சாக் எனும் வெள்ளைப் பாறை. கடல் முன்சுவரை ஓரிடத்தில் உடைத்து நுழைந்து, களிமண்ணைக் குடைந்து, சாக்கில் வந்து தட்டி நின்றது. வாய் குறுகி, வயிறு அகன்ற சிறு குடா. சற்றுக் கிழக்கே ஸ்வானேஜில் அதே பாறைகள் கரையைக் குறுக்கே சந்திக்கின்றன. அங்கே களிமண் விரிகுடாவாகிவிட்டது, சுண்ணாம்புக்கல்லும் சாக்கும் முனைகளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பாறை மாறவில்லை, படுத்திருக்கும் திசைதான் வேறு.

பனியாறு கொட்டிப்போன மண் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவாக எடுபடாது. இங்கிலாந்தின் கிழக்கே அப்படிப்பட்ட மண்ணாலான ஹோல்டர்னெஸ் கரை ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர் கடலுக்குப் போகிறது.

புதிதாகச் சேர்ந்த பையன் முதல் நாளே சுத்தியலை எடுத்தான். சரி, அழுத்தி முடிக்கட்டும் என்று சாய்வுமானியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.