நம்பர் 23 காராகர்
லிவர்பூல் கால்பந்து கிளப்போட டிஃபென்டர் ஜேமி காராகர் சின்ன வயசுல, அதே ஊர்ல இருக்கற எதிரி கிளப்பான எவர்ட்டனோட வெறியர்ங்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஆளுதான் லிவர்பூலுக்கு 737 மேட்ச் ஆடினார், வேற கிளப் பக்கமே போகல. 1999ல மான்செஸ்டர் யுனைடெட் கூட ஒரே மேட்ச்ல ரெண்டு ஓன் கோல், அதாவது தன்னோட டீம் கோலுக்குள்ளயே பந்தைப் போட்டார் (ஆமா, ரெண்டு!), வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே ஒடிஞ்சு போயிருப்பாங்க. 2005ல இஸ்தான்புல்ல மிலான் கூட நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) பைனல் எடுத்துப் பாருங்க, எக்ஸ்ட்ரா டைம்ல கால் பிடிச்சு இழுக்குது, நிக்கவே முடியல, அப்பவும் மிலான்காரன் போடுற கிராஸை கால நீட்டித் தடுத்துட்டு அங்கயே விழுந்து துடிக்கறார், அப்புறம் பெனால்ட்டிக்கு முன்னாடி கோல்கீப்பர் டூடெக்கைப் பிடிச்சு, 1984 பைனல் பெனால்ட்டில அப்போதைய லிவர்பூல் கோல்கீப்பர் குரோபெலார் பண்ண மாதிரி காலை ஆட்டுன்னு கத்துனதும் இவர்தான். இங்கிலாந்து லீக் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கல, எனக்கு அது இன்னும் உறுத்துது. 2013 மே, கடைசி மேட்ச், ரொம்ப தூரத்துல இருந்து ஒரு அடி அடிச்சார்... கோல் போஸ்ட்ல போய் பட்டுச்சு.