விக்கிப்பீடியாவில் ஒரு பழைய எம்.எல்.ஏ.வைப் பற்றி எழுதப்போய்

யாரைப் பற்றிய கட்டுரை என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், அந்த வீட்டில் இன்னும் சூடு ஆறவில்லை. அதனால் இரண்டொரு விவரத்தை மாற்றித்தான் சொல்கிறேன். இரண்டு சட்டமன்றங்களில் உட்கார்ந்தவர், ஒன்று திருவிதாங்கூர்-கொச்சி, இன்னொன்று சென்னை மாநிலம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் இந்த நாலு மாதத்துக்கு அப்புறம் சான்று இல்லாமல் எதையும் சொல்ல நாக்கு வருவதில்லை.

ஆரம்பித்து வைத்தது அவருடைய மகள். ஓய்வு பெற்ற ஆசிரியை, ஊருக்கே டீச்சர். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். நான் விக்கிப்பீடியாவில் ஏதோ எழுதுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூப்பிட்டு உட்கார வைத்து, சாயாவும் ஏத்தன்காய் சிப்ஸும் தந்து, அலமாரியிலிருந்து ஒரு நினைவு மலரை எடுத்துக் கையில் வைத்தார். "மக்களே, நேசமணி ஐயாவுக்கு இருக்கு, அப்பாவுக்கு மட்டும் ஏன் இல்ல? அப்பாவும் அவருக்க கூட நின்னவருதானே" என்றார். நேசமணி என்றால் எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய தலைவர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் என்றாலே தனிக் கட்டுரைக்குத் தகுதியானவரா என்கிற குறிப்பிடத்தக்கமைச் சண்டை பாதி முடிந்துவிடும். ஒரு சனி, ஞாயிறு வேலை என்று நினைத்தேன்.

மலரில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றினேன். இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். மறுநாள் காலையில் பார்த்தால் கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது இதை நீக்க வேண்டும் என்ற அறிவிப்பு. காப்புரிமை மீறல், விளம்பர நடை, சான்று இல்லை, மூன்றும் சேர்ந்து. கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் ஒரு மூத்த பயனர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார்: பட்டங்களையும் உவமைகளையும் எடுத்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று. கோபத்தோடுதான் செய்து பார்த்தேன். ஏழைப் பங்காளர், மண்ணின் மைந்தர், தன்னலமற்ற, ஓயாது உழைத்த எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே வந்தேன். ஆயிரத்து இருநூறு சொல்லில் தொண்ணூறு சொல் நின்றது. அந்தத் தொண்ணூறிலும் இரண்டு தப்பு.

ஒன்று, "1954 முதல் 1962 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்". நம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் இதில் சறுக்குகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். 1954 தேர்தல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு நடந்தது. நேசமணியின் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதில் 12 இடம் பிடித்தது. அந்தச் சட்டமன்றம் 1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததோடு போய்விட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அடுத்த தேர்தல் 1957இல். ஆக, நடுவில் ஒரு வருடத்துக்குக் கிட்டே இவர் எந்தச் சட்டமன்றத்திலும் உறுப்பினர் இல்லை. "தொடர்ந்து" என்ற சொல்லே நிற்காது. இரண்டாவது முறை ஜெயித்ததும் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு அல்ல, சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு, ஏனென்றால் பெயர் மாறியதே 1969 ஜனவரி 14ஆம் தேதி. நேசமணி இறந்தபின் காமராஜர் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது அதே ஜனவரியில், ஒரு வாரம் முன்னால், அதுகூடச் சட்டப்படி சென்னை மாநிலத்தில்தான். கட்டுரையின் ஓரத்தில் வருகிற தகவற்பெட்டியில் இதையெல்லாம் தனித்தனி வரியாகப் போட வேண்டும், ஒன்றாக இழுத்துக் கட்டக் கூடாது.

இரண்டாவது, பிறந்த வருடம். மலரில் 1931. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் நிற்கும்போதுதான் திடீரென்று கணக்குப் போட்டேன், 1931 என்றால் 1954இல் இருபத்திமூன்று வயது, சட்டமன்றத்துக்கு நிற்க இருபத்தைந்து வேண்டும். மனுவே செல்லாதே! டீச்சரிடம் ஓடினால் அவர் நிதானமாக, கல்லறையில இருக்கே போய்ப் பாரு என்றார். போய்ப் பார்த்தேன். கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, 1096, மீன மாதம். நம் ஊர்ப் பழைய ஆதாரம், பத்திரம், ஜாதகம் எல்லாம் இந்தக் கணக்கில்தானே கிடக்கிறது. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும், அதனால் ஆங்கில ஆண்டு கிடைக்க டிசம்பர் வரை 824, அதற்கப்புறம் 825 கூட்ட வேண்டும். மீனம் என்றால் மார்ச்-ஏப்ரல், ஆக 1921. மலர் அச்சடித்தவன் இரண்டை மூன்றாக்கிவிட்டான், அவ்வளவுதான்.

பெரிய துப்பறிவாளன் மாதிரி இதைக் கட்டுரையிலேயே ஒரு பத்தியாக எழுதினேன். சொந்த ஆய்வு என்று தூக்கிவிட்டார்கள். மாதக் கணக்கைக் கூட்டிக் கழிப்பது பரவாயில்லையாம், ஆனால் "ஆகவே மலர் தவறு" என்று நான் தீர்ப்புச் சொல்வது கட்டுரையில் இடம்பெறக் கூடாதாம், பேச்சுப் பக்கத்தில் வேண்டுமானால் எழுதலாமாம். முதலில் எரிச்சல் வந்தது. இப்போது யோசித்தால் சரிதான், நாளைக்கு இதே தைரியத்தில் இன்னொருவர் வந்து இன்னொரு கல்லைக் காட்டி எதையாவது நிரூபிப்பார்.

திருவனந்தபுரம் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1954 வெற்றிக்கு அச்சில் ஒரு ஆதாரம் வேண்டும் என்று, அங்கே ஒரு பழைய நூலகத்தில் அந்தக் காலத்துச் சட்டசபைப் புத்தகங்கள் இருக்கும் என்று கேள்விப்பட்டு, களியக்காவிளையில் பஸ் மாறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் தாண்டிப் போய் இறங்கினால் கேட் பூட்டிக் கிடக்கிறது. செப்டம்பர் 21. ஸ்ரீநாராயண குரு சமாதி நாள், கேரளத்தில் அரசு விடுமுறை. இங்கே நமக்கு வேலை நாள், நான் லீவு போட்டுவிட்டுப் போனவன். எல்லை தாண்டிப் போகிறவர்கள் தயவுசெய்து மலையாளக் காலண்டர் ஒன்றை வீட்டில் மாட்டுங்கள்.

மறுபடியும் போனேன். இந்தத் தடவை கேட் திறந்திருந்தது, மேசையில் இருந்தவர்தான் திறக்கவில்லை. எந்த யூனிவர்சிட்டி என்று கேட்டார். விக்கிப்பீடியா என்றேன். அது எவிடத்தெ யூனிவர்சிட்டி என்றார். விளக்கினேன். கேட்டுவிட்டு, லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது, கடிதம் கொண்டுவந்தாலும் அந்தப் பகுதியைப் பார்க்கிற ஆள் லீவு, அடுத்த வாரம் வா என்றார். வெளியே வந்து ஒரு பழம்பொரியைத் தின்றுவிட்டு ஊர் திரும்பினேன்.

அந்த ராத்திரி, வேறு எதையோ தேடும்போது, தேர்தல் ஆணையம் வெளியிட்ட 1954 திருவிதாங்கூர்-கொச்சித் தேர்தல் புள்ளிவிவர அறிக்கை பிடிஎஃப் ஆகவே கிடைத்தது. தொகுதி, வேட்பாளர், கட்சி, ஓட்டு, எல்லாம். இரண்டு நாள் லீவும் பஸ் காசும் போன பிறகு, பாயில் படுத்துக்கொண்டே கிடைத்தது. ஆங்கில எழுத்தில் அவர் பெயரைக் கடித்துக் குதறி வைத்திருந்ததால் முதல் இரண்டு தடவை தேடியும் என் கண்ணில் படவில்லை. எனவே பெயரைத் தேடாதீர்கள், தொகுதியைத் தேடுங்கள்.

இதற்குள் விஷயம் ஊரில் பரவிவிட்டது. ஒருவர் வந்து, கட்டுரையில் அவர் இன்ன சாதி, இன்ன சபை என்று முதல் வரியிலேயே வர வேண்டும் என்றார். இன்னொருவர் வந்து, எதிர்த்தரப்பு அந்தக் காலத்தில் அச்சடித்த ஒரு நோட்டீஸைக் காட்டி, கூட்டுறவுச் சங்கத்தில் பணம் போன கதையை எழுது என்றார். இரண்டையும் எழுதவில்லை. நம் மாவட்டத்தில் சாதியையும் சபையையும் எழுதாமல் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் அது மாவட்ட அரசியல் பற்றிய கட்டுரையில் ஆய்வு நூலைக் காட்டி எழுத வேண்டிய சமாச்சாரம், ஒரு மனிதனின் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. நோட்டீஸுக்கு அச்சகத்தின் பெயர்கூட இல்லை. வழக்கு நடந்ததா, தீர்ப்பு வந்ததா, பத்திரிகையில் வந்ததா, எதற்கும் பதில் இல்லை. இறந்தவர் மறுத்துப் பேசவும் மாட்டார்.

இப்போது உயிரோடு இருக்கிற அரசியல்வாதியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேட்புமனுவோடு தருகிற பிரமாணப் பத்திரத்தில் சொத்து, படிப்பு, வழக்கு எல்லாம் இருக்கிறதே, எடுத்துக் கொட்டலாம் என்று தோன்றும். நிலுவையில் இருக்கிற வழக்கை நீங்களே அதிலிருந்து எடுத்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நல்ல நாளிதழ்கள் அதைச் செய்தியாக்கியிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் வேண்டவே வேண்டாம். டீச்சர் மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்த குடும்ப மரத்தை அப்படியே போடச் சொன்னார், துபாயில் இருக்கிற மூன்றாவது பேரனின் மனைவி வரைக்கும்! அதை எடுத்ததற்கு ஒரு வாரம் பேசவில்லை.

படம் தனிக் கதை. ஹாலில் மாட்டியிருந்ததைப் போனில் எடுத்து விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினேன், நீக்கிவிட்டார்கள். படத்தை நான் படம் எடுத்தால் அது என் படம் ஆகாது. கடைசியில், காப்புரிமை இருந்தாலும் அளவோடு காட்டலாம் என்கிற நியாயப் பயன்பாடு என்று சின்ன அளவில் தமிழ் விக்கியிலேயே போட்டது நின்றுவிட்டது.

உண்மையான சண்டை பாலத்தில்தான் வந்தது. எங்கள் ஆற்றின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, அதை அவர்தான் கொண்டுவந்தார் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன் மழைக்காலத்தில் தோணிதான். மலரிலும் "பாலம் கண்ட பெருமகன்" என்றுதான் இருக்கிறது. ஆனால் மலர் குடும்பம் போட்டது. வேறு ஒரு வரி, ஒரு செய்தித்தாள் துணுக்கு, எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மனது வராமல்தான் அந்த வரியை எடுத்தேன். டீச்சர் போனில் படித்துவிட்டு, "அப்பாவுக்க பாலத்தை எழுதலியா? அப்பா கட்டின பாலமாக்கும் அது. நீ நடந்துதானே ஸ்கூலுக்கு வந்த" என்றார். என்ன பதில் சொல்வது? நடந்துதான் போனேன்.

அப்புறம்தான் பாலத்துத் தொடக்கத்தில் ஒரு கல் இருக்குமே என்று ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் வருடா வருடம் கல்லுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கிற நாரும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை காலையில் குத்தவைத்து உட்கார்ந்து தேய்த்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். மேலே திறந்து வைத்த மந்திரியின் பெயர் பெரிதாக வந்தது, கீழே தேதி. நடுவில் ஒரு வரி பிடிவாதமாக அடைந்து கிடந்தது. ஈரத்தோடு கரித்தூளைத் தடவித் துடைத்தபோது ஒவ்வொரு எழுத்தாக எழுந்தது: முன்னிலை, அவர் பெயர், எம்.எல்.ஏ. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் படம் எடுங்கள், உச்சி வெயிலில் எடுத்தால் கல்வெட்டு வெறும் கல்லாகத்தான் தெரியும்.

கல்வெட்டு முதல்நிலைச் சான்றுதான், அதாவது சம்பவத்தோடேயே பிறந்த மூல ஆவணம், அதைக் காட்டி "கட்டினார்" என்று எழுத முடியாது. கல்லில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதலாம் என்று பேச்சுப் பக்கத்தில் இரண்டு நாள் பேசி ஒத்துக்கொண்டார்கள். எழுதினேன்: பாலத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் இவர் பெயர் முன்னிலை என்று பொறிக்கப்பட்டுள்ளது. நாலு மாதத்தில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட வாக்கியம் இதுதான். டீச்சரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். "முன்னிலையா? பந்தலுக்குக் கீழ சும்மா நின்னவரு மாதிரில்லா இருக்கு" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, கணக்கு இல்லாத யாரோ அந்த வரியை அழித்துவிட்டு "பாலத்தைக் கட்டியவர் இவரே" என்று எழுதியிருந்தார்கள். கால் மணி நேரத்தில் ஒருவர் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டார். இப்படித் திருப்புவதற்கு விக்கியில் முன்னிலையாக்கல் என்று பெயர், சிரிப்பை அடக்க முடியவில்லை. யார் மாற்றினார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. டீச்சருக்கு அவருடைய பேரன் போன வாரம்தான் புதுப் போன் வாங்கித் தந்தான், தமிழில் தட்டச்சு செய்ய நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.