மொட்டைப் பாலத்தில் முடிந்த என் முதுகலை ஆய்வு

பாங்காக்கில் நகரத் திட்டமிடல் முதுகலை படித்தேன். ஆய்வேட்டை முடிக்க நினைத்ததைவிட ஒரு பருவம் கூடுதலாகப் பிடித்தது. அங்கே கள ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அங்கே பேராசிரியரை 'ஆஜான்' என்பார்கள். நம் 'ஆசான்' மாதிரியே காதில் விழும். என் ஆஜானிடம் முதல் சந்திப்பிலேயே பத்து வரைபடங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடுத்து வை. ஒரு மாதம் நடந்துவிட்டு வா" என்றார். அப்போது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஒரு மாதம் இல்லையென்றால் ஆய்வே இல்லை.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் 'சோய்' என்றால் என்னவென்று புரிந்தது. பெரிய சாலையிலிருந்து பிரிந்து போகும் சந்து அது. பல சோய்கள் எங்கேயும் போய்ச் சேராமல் முட்டிக்கொண்டு நிற்கும். பழைய நகரத்தைச் சுற்றி இருந்ததெல்லாம் கால்வாயும் நெல்வயலும்தான். கால்வாயிலிருந்து நீளவாக்கில் பிரித்த வயல்களை ஒவ்வொருவரும் தனித்தனியாக விற்று வீடு கட்ட, வரப்புகளே சந்துகளாகிவிட்டன. அதனால் பக்கத்து சோய்க்குப் போகவும் பெரிய சாலைக்கு வந்து சுற்றித்தான் போகவேண்டும். சோய் முனையில் ஆரஞ்சு நிற மேலாடையோடு 'வின்' என்ற வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் காத்திருப்பதன் காரணம் இதுதான்.

நகரத்துக்குத் திட்டமே போடவில்லை என்று சொல்ல முடியாது. 1960இல் அமெரிக்க ஆலோசகர்கள் 'கிரேட்டர் பாங்காக் பிளான் 2533' என்ற திட்டத்தைக் கொடுத்தார்கள். 2533 என்பது புத்த ஆண்டு, நம் கணக்கில் 1990. நூலகத்தில் ஆண்டுகளை எல்லாம் 543 கழித்தே படிக்கவேண்டும், முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். பாங்காக்கின் முதல் சட்டபூர்வத் திட்டம் 1992இல்தான் வந்தது. அதற்குள் ஊர் தன் பாட்டுக்கு வளர்ந்துவிட்டது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பாங்காக்கின் சாவ் பிரயா ஆற்றின் மேலுள்ள பிர பொக் கிளாவ் பாலம். 1984இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுவே, வரப்போகும் ரயிலுக்காக ஒரு கட்டமைப்பு விட்டிருந்தார்கள். ரயில் ஒப்பந்தம் 1992இல் ரத்தாகிவிட்டது. ஆற்றின் மேல் இரண்டு முனையும் எதோடும் சேராமல் நின்ற அதை மக்கள் 'சபான் துவான்', அதாவது மொட்டைப் பாலம் என்றார்கள். 2020 ஜூனில் அது 280 மீட்டர் நீளப் பூங்காவாகத் திறந்தது. இதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் நிராமோன் செரிசகுன். சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே 'யூடிடிசி' என்ற நகர வடிவமைப்பு மையத்தை வழிநடத்தியவர். பாங்காக் தெருக்கள் நடக்கத் தகுந்தவையா என்று அளந்த 'குட்வாக்' திட்டமும் அந்த மையத்தினுடையதுதான். வகுப்பறையையும் தெருவையும் ஒன்றாகப் பார்த்த அவருடைய வேலையைப் படித்துத்தான் இந்தத் தலைப்புக்கே வந்தேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். மக்களிடம் பேட்டி எடுக்க ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் படிவம், கேள்விகள் எல்லாம் தாய்லாந்து மொழியிலும் வேண்டும். இதை நான் கடைசியில் வைத்துக்கொண்டேன், பெரிய தவறு. படிவத்தில் ஒரு வரி மாற்றச் சொன்னாலும் மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். வேறொரு அலுவலகத்தில் ஒரு நில வரைபடம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். ஏழு வாரம் ஆகியும் பதில் இல்லை. கடைசியில் அது இல்லாமலே எழுதினேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும், களவேலை மும்முரத்தில் அதை மறந்துவிடாதீர்கள்.

பாலத்தின் ஒரு பக்கம் பாக் கிளோங் பூச்சந்தை. அங்கே தொங்கும் மல்லிகைச் சரத்துக்குப் பெயர் 'புவாங் மாலை', கேட்டதும் நெஞ்சு நிறைந்தது. மறு பக்கம் குடி சின். போர்த்துகீசிய வழிவந்த கத்தோலிக்கர், பௌத்தர், முஸ்லிம்கள் எல்லோரும் நெருங்கி வாழும் ஆற்றங்கரைக் குடியிருப்பு. முதல் மூன்று நாள் படிவத்தோடு போய் யாரும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் படிவத்தைப் பையில் வைத்துவிட்டு, அந்த ஊரின் 'கனோம் ஃபராங்' கேக் விற்கும் ஒரு அம்மாவின் கடையில் உட்கார்ந்தேன். அவரே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். அப்புறம் முறைப்படி கையெழுத்து வாங்கிப் பேட்டி எடுப்பது சிரமமாகவே இல்லை. மதியம் பூங்காவில் ஆள் இருக்காது, வெயில் அப்படி. மாலை ஐந்துக்கு மேல்தான் கூட்டம் வரும் என்று அவர்கள் சொன்ன பிறகு, பூங்காவுக்கு வருகிறவர்களை எண்ணும் நேரத்தையே மாற்றினேன்.

வாய்மொழித் தேர்வில் அதிகம் கேட்டது அந்த நேர மாற்றத்தைப் பற்றித்தான். தேர்ச்சி கிடைத்தது.

ஊர் திரும்பும் முன் ஆய்வின் சுருக்கத்தைத் தாய்லாந்து மொழியில் இரண்டு பக்கமாக அச்சடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "இந்த மரத்தடியில்தான் நாங்கள் சாயங்காலம் உட்காருவோம், அதைக் காணோமே" என்று விரலால் தொட்டுக் காட்டினார். பேனாவை வாங்கி அவரே ஒரு வட்டம் போட்டார். அந்தத் தாளை நான் எடுத்துக்கொண்டு, அவருக்கு வேறொரு பிரதி கொடுத்துவிட்டு வந்தேன்.