கால் லிட்டர் தண்ணீர்

கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு கால் லிட்டர் பாட்டில் வைத்திருந்தார்கள். சாம்பார் முடிவதற்குள் என்னுடையது காலி.

கி.மு. 413-இல் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரத்தின் மீது படையெடுத்துத் தோற்று, அங்கே கல்குவாரியில் அடைபட்ட ஏதென்ஸ் படைக் கைதிகளுக்கு ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய இவ்வளவுதான் தண்ணீர். கூடவே அதைப் போல இரண்டு மடங்கு அளவு தானியம். 7,000 பேருக்குக் குறையாது. கூரை கிடையாது, பகலில் வெயில், ராத்திரி குளிர். செத்தவர்களும் பக்கத்திலேயே குவிந்து கிடந்தார்கள்.

ஏதென்ஸ் நாடகக்காரர் யூரிப்பிடீஸின் வரிகளை ஒப்பித்துச் சிலர் விடுதலையானார்கள் என்கிறார் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். சரி, மற்றவர்கள்?

இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவோடு பகை தீராத நிலையில் சிசிலிக்கும் படை அனுப்பச் சொன்னது எந்த ராஜாவும் இல்லை. வாக்களித்த ஏதென்ஸ் மக்கள்தான். வேண்டாம் என்ற நிக்கியாஸையே தளபதியாக்கி அனுப்பினார்கள்!

அப்புறமும் ஸ்பார்ட்டாவோடு 9 வருஷம் சண்டை. தானியக் கப்பல்கள் வரும் வழி அடைபட்டு, கடைசியில் பட்டினியில்தான் ஏதென்ஸ் பணிந்தது.