ஃபைபர் அர்ரேயும் பசைத் தொல்லையும்
ஃபைபர் அர்ரே என்றால் ஒளி கடத்தும் கண்ணாடி இழைகளை வரிசையாக அடுக்கி ஒட்டுவதுதானே என்பார்கள். அதேதான். ஆனால் சிங்கிள் மோட் இழையின், அதாவது ஒளியை ஒரே பாங்கில் மட்டும் கடத்தும் இழையின், வெளி விட்டம் 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), ஒளி போகிற உள்மையம் சுமார் 9 மைக்ரான்தான், எதிரே இணையும் இழையின் மையத்திலிருந்து 3 மைக்ரான் விலகினாலே கால்பங்குக்கு மேல் ஒளி போச்சு. கையால் இந்தத் துல்லியம் வராது. அதனால் சிலிக்கான் தகட்டின் உதவி வேண்டும்: அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் அரித்தால் படிகமே 54.7 டிகிரி சரிவில் 'வி' வடிவப் பள்ளங்களைக் கொடுத்துவிடும். 127 அல்லது 250 மைக்ரான் இடைவெளியில் இருக்கும் அந்தப் பள்ளங்களில் இழைகளைப் படுக்கவைத்து, மேலே கண்ணாடி மூடியால் அழுத்தி, புற ஊதா ஒளியில் இறுகும் பசையை இட வேண்டும். எனக்குப் பிடிக்காத கட்டம் இந்தப் பசைதான், இறுகும்போது சுருங்கி, ஒழுங்காக இருந்ததையும் இழுத்துவிடும். அப்புறம் முனையை 8 டிகிரி சாய்வாக மெருகேற்றுவார்கள், எதிரொளித்த ஒளி வந்த வழியே லேசருக்குத் திரும்பாமல் இருக்க.