நிலாத் தாத்தாவுக்கு இரண்டு பெட்டி

என் கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தால் தைவானின் தைபேயில் இருக்கும், ஜோடி சேர்க்கும் சீனத் தெய்வமான யுவே லாவ் என்ற நிலாத் தாத்தாவுக்கு நேரில் வந்து கல்யாண பிஸ்கட் படைப்பதாக என் சீன மாமியாருக்கு வேண்டுதல். தைபேயிலிருந்து முன்பு அத்தை கொண்டுவந்த தாத்தாவின் சிவப்பு நூலைக் கொழுந்தன் பணப்பையில் வைத்திருந்தான். போன வருடம் அது காணாமல் போனது. அவன் பதறினான், அத்தையோ, "தாத்தா எடுத்துப் போய்விட்டார், முடிச்சுப் போட" என்று சிரித்தார். ஆறே மாதத்தில் பெண் அமைந்துவிட்டது!

பினாங்கிலிருந்து அவருக்குத் துணையாக நான். அதுவும் சீன எட்டாம் மாதப் பௌர்ணமியில், யுவே லாவ் தாத்தாவின் பிறந்தநாளில். கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? டாக்சிக்காரர் ஊரைச் சுற்றிக் காட்டி இரட்டிப்பாக வாங்கிக்கொண்டார். திஹுவா வீதியில் காளானும் மருந்து வேரும் மணக்க, சியாஹாய் நகரதேவன் கோயில் வரிசை நகரவே இல்லை. 1859இல் கட்டிய கோயில். நம் வீட்டுக் கூடத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். முன்னால் நின்ற பிள்ளைகள் கும்பிட்டதைவிடப் படம் எடுத்ததே அதிகம். என் பின்கழுத்தில் யாருடைய ஊதுபத்தியோ சுட்டது.

கால் வலி தெரியாமலிருக்க அத்தை வேய் கூவின் கதையைச் சொன்னார். சீனாவின் தாங் அரச வம்சக் காலத்தவன். நிலா வெளிச்சத்தில் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த கிழவர், சந்தையில் காய்கறிக்காரி தூக்கி வைத்திருந்த மூன்று வயதுக் குழந்தையைக் காட்டி, "இவள்தான் உன் மனைவி" என்றாராம். அருவருத்துப்போனவன் வேலைக்காரனை ஏவிக் குழந்தையைக் குத்தச் சொன்னான். 14 வருடம் கழித்து அதிகாரி வீட்டுப் பெண்ணைக் கட்டினான். அவள் எந்நேரமும் புருவ நடுவில் பூப்பொட்டு ஒட்டியிருந்தாள். கேட்டால், அடியில் பழைய கத்தித் தழும்பு.

அத்தை என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்துக்கொண்டார்.

சந்நிதியில் தாத்தா 43 சென்டிமீட்டர்தான். வெண்தாடி, சிரிப்பு, கையில் பதிவேடு. அத்தை பெயர், முகவரி, வீட்டு எண் வரை ஒப்பித்தார். 11 வருடத்தில் அவர் பேசும் ஹொக்கியன் மொழி எனக்கு நன்றாகவே புரியும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"சின்னவனுக்குக் கேட்டேன், கொடுத்தீர்கள். பெரியவனுக்கு நான் கேட்கவே இல்லை. வந்தவளை வேண்டாம் என்றேன், அழுதேன், கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நீங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்த இரண்டாவது பெட்டி அதற்கு."

கடையில் ஏன் இரண்டு பெட்டி என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன்பின் எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கும்பிடு போட்டேன், யார் இடித்தார்கள், எதுவும் நினைவில்லை. ஐயா, கேட்காமலே கட்டி வைத்தவரே!

சீன இலந்தைத் தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தால், பழைய வீட்டுக் கூரைகளுக்கு மேல் முழு நிலா. "அத்தை, அங்கே பாருங்கள்!" என்று விரலை நீட்டிவிட்டேன். படக்கென்று கையைத் தட்டினார். "நிலாவைச் சுட்டாதே, ராத்திரி காதை அறுத்துவிடும்! மன்னிப்புக் கேள்."

நடுவீதியில் கைகூப்பி நின்றேன். அவரும் பக்கத்தில் நின்று எனக்காக மூன்று முறை குனிந்தார். படுக்கப்போகும் முன் விளக்கைப் போட்டு என் காதுமடலின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.